ரீகனா, ரேகனா? பாலிபொரீன் பதிவேட்டில் ஒரு பெயர்



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், அதாவது 1980களில், அமெரிக்க அதிபராக இருந்தவர் ரொனால்ட் ரீகன். அன்றைக்கு நம்மில் பலர் அப்படித்தான் படித்தோம், அப்படித்தான் சொன்னோம். அவரோ தம் பெயரை 'ரேகன்' என்று உச்சரித்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவருடைய அமைச்சரவையில் நிதியமைச்சராகவும், பின்பு வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரியாகவும் இருந்தவர் டொனால்ட் ரீகன். இவர் பெயரில் ஆங்கிலத்தில் ஓர் 'ஏ' எழுத்து குறைவு. இவர் தம்மை 'ரீகன்' என்றே சொல்லிக்கொண்டார். இருவரும் ஐரிஷ் வழி வந்தவர்கள். இரண்டு பெயருக்கும் வேர் ஒன்றுதான். ஐரிஷ் மொழியில் அது 'ஓ ரியகான்'. ரியகான் என்ற மூதாதையின் வழித்தோன்றல் என்று பொருள். ஒரே வேர், ஒரே மாளிகை, இரண்டு எழுத்து முறை, இரண்டு உச்சரிப்பு!

இது எப்படி நடந்தது என்று தேடிப் படிக்கப் போய், அயர்லாந்திலிருந்து கப்பலேறிய ஏழைகளின் பெயர்கள் பட்ட பாட்டைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கட்டுக்கதையைத் தள்ளி வைத்துவிடலாம். அமெரிக்காவில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்டால், "எங்கள் பெயரை எல்லிஸ் தீவில் அதிகாரி மாற்றி எழுதிவிட்டார்" என்பார்கள். சினிமாக்களிலும் அப்படிக் காட்சிகள் உண்டு. உண்மையில் எல்லிஸ் தீவு அதிகாரிகள் யாருக்கும் புதுப் பெயர் எழுதித் தரவில்லை. பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனத்தின் குமாஸ்தாக்கள் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிடுவார்கள். தீவில் இருந்தவர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். மேலும், எல்லிஸ் தீவு திறக்கப்பட்டதே 1892 ஜனவரி 1ஆம் தேதி. உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டு ஓடிய லட்சக்கணக்கானவர்கள் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கா சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பெயர் மாறியதற்கு அந்தத் தீவு எப்படிப் பொறுப்பாகும்?

பெயர்கள் மாறத் தொடங்கியது சொந்த ஊரிலேயே. அதுவும் பல நூற்றாண்டுகளாக.

ஐரிஷ் மொழியில் 'மாக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். பெண்ணுக்கு இவை பொருந்தா. மகளுக்கு 'நீ', 'நிக்' என்று வேறு முன்னொட்டு. ஆக, அண்ணனுக்கும் தங்கைக்கும் குடும்பப் பெயரின் வடிவமே வேறு! இதை ஆங்கிலத்தில் எழுதுபவர் என்ன செய்வார்? எல்லாருக்கும் ஒன்றாக்கிவிடுவார்.

ஆங்கில அரசும் சும்மா இருக்கவில்லை. 1465இல் ஒரு சட்டம் போட்டார்கள். டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் ஆங்கிலேயரோடு கலந்து வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஊரின் பெயரோ, வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்ற நிறமோ, கொல்லர், தச்சர் என்ற தொழிலோ, சமையல்காரர் போன்ற பதவியோ அந்தப் பெயராக இருக்கலாம் என்றது சட்டம். அந்தச் சட்டத்தை எத்தனை பேர் மதித்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் பெயரை மொழிபெயர்க்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

உதாரணத்துக்கு 'மாக் கவன்' என்றால் கொல்லர் மகன். ஒரு பக்கம் இது ஒலியை ஒட்டி மக்கவன் ஆயிற்று. இன்னொரு பக்கம் மொழிபெயர்ப்பாகி ஸ்மித் ஆயிற்று. கப்பலில் ஏறும்போது ஸ்மித், ஊரில் மக்கவன் என்று ஒரே குடும்பம் இரண்டையும் பயன்படுத்தியதும் உண்டு. 'மாக் அன் சேர்' இன்னும் சுவையானது. 'சேர்' என்ற ஐரிஷ் சொல்லுக்குத் தச்சர் போன்ற கைவினைஞர் என்றும் பொருள், சுதந்திரமானவர் என்றும் பொருள். அதனால் சிலர் கார்ப்பென்டர் ஆனார்கள், சிலர் ஃப்ரீமன் ஆனார்கள். மொழிபெயர்க்காமல் ஒலியை மட்டும் பிடித்தவர்கள் மக்காட்டீர் ஆனார்கள். இன்று அமெரிக்காவில் கார்ப்பென்டரும் ஃப்ரீமனும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தாலும், தாங்கள் ஒரே பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுமா?

பிறகு 'ஓ'வையும் 'மாக்'கையும் வெட்டிவிடும் காலம் வந்தது. ஆங்கில ஆட்சி இறுகிய 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நிலமோ வேலையோ வேண்டுமென்றால் ஐரிஷ் அடையாளம் தெரியாமலிருப்பது நல்லது என்ற நிலை. ஓ'சல்லிவன் சல்லிவன் ஆனார். 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். வீட்டில் ஐரிஷ் பேசிய பிள்ளை, பள்ளிப் பதிவேட்டில் ஆங்கிலப் பெயரோடு நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழி இயக்கம் எழுந்தபோது பலர் 'ஓ'வைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். ஐரிஷ் குடும்பப் பெயர்களைப் பற்றி ஆதாரமான நூல்கள் எழுதிய எட்வர்ட் மக்லைசாட் என்ற அறிஞரே பிறக்கும்போது வெறும் லைசாட்தான். 1920இல் 'மாக்' சேர்த்துக்கொண்டவர். இதனால் தேடுபவருக்கு இரட்டைத் தலைவலி. தாத்தா பெயரில் 'ஓ' உண்டு, அப்பா பெயரில் இல்லை, பேரன் பெயரில் மறுபடி உண்டு என்று ஒரே குடும்பத்துக்குள் பெயர் போய்ப் போய் வரும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் எளிமையானது. பெயருக்கு உரியவருக்கு எழுதத் தெரியாது. பாதிரியாரோ குமாஸ்தாவோ காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். "இப்படித்தானே எழுத வேண்டும்?" என்று கேட்டால், உரியவருக்குச் சரியா தப்பா என்று சொல்லத் தெரியாது. பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு எழுதியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தாய் ஒன்று சொல்வார், தாய்மாமன் ஒன்று சொல்வார், கடைசியில் பேனா பிடித்தவர் எழுதியதுதான் ஆயுசுக்கும் பெயர்.

இனி ரீகன், மன்னிக்கவும், ரேகன் குடும்பத்துக்கு வருவோம். பின்னோக்கிப் போகவேண்டும்; வம்சாவளித் தேடலில் இதுதான் முறை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதற்கும் பொருந்தும்.

ரொனால்ட் ரேகன் 1911இல் இல்லினாய் மாநிலத்தில் டாம்பிகோ என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜாக் 1883இல் அதே மாநிலத்தில் ஃபுல்டன் என்ற ஊரில் பிறந்தவர். அந்த ஜாக், ஆறு வயது வாக்கில் தாய் தந்தை இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். அந்த இடத்தில் கதை அறுந்துபோயிற்று. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாத்தா எந்த ஊர், எந்தக் கப்பல், பழைய பெயர் என்ன என்று யார் உட்கார்ந்து சொல்லியிருப்பார்கள்? தந்தை அநாதையாக வளர்ந்ததால் அந்தப் பக்கத்து வேர்கள் தமக்குத் தெரியாமலே போயின என்று பிற்காலத்தில் ரேகனே சொல்லியிருக்கிறார். நாட்டின் அதிபராகிவிட்ட மனிதருக்கு அப்பாவின் தாத்தா ஊர் தெரியாது. 1980 தேர்தலையொட்டித்தான் வம்சாவளி ஆய்வாளர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள்.

ஜாக்கின் தாத்தா மைக்கேல். இல்லினாயில் கரோல் கவுன்டியில், ஃபேர்ஹேவன் என்ற இடத்தில் விவசாயம் செய்தவர். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'பிறந்த இடம்' என்று ஒரு பத்தி உண்டு. அதில் ஐரிஷ்காரர்களுக்குப் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்ற ஒரே சொல்தான் இருக்கும். கவுன்டி இல்லை, பங்கு இல்லை, ஊர் இல்லை. ஐரிஷ் முன்னோரைத் தேடும் அமெரிக்கர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். ஊர் தெரியாமல், மாறிப்போன பெயரை வைத்துக்கொண்டு அயர்லாந்து முழுவதும் தேடமுடியுமா?

ஆனால் மைக்கேல் நேராக அமெரிக்கா போகவில்லை. முதலில் லண்டன் போனார். தேம்ஸ் நதிக்குத் தெற்கே பெக்கம் பகுதியில் சோப்புத் தயாரிக்கும் வேலை. 1852 அக்டோபர் 31 அன்று, சதர்க் பகுதியின் புனித ஜார்ஜ் கத்தோலிக்க ஆலயத்தில் கேத்தரின் மல்காகி என்ற ஐரிஷ் பெண்ணை மணந்தார். தாமஸ், ஜான், மார்கரெட் என்ற மூன்று பிள்ளைகள் லண்டனில் பிறந்தார்கள். 1857 வாக்கில் கனடா வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தச் சுற்றுவழிதான் பிற்காலத்தில் கைகொடுத்தது என்பது என் எண்ணம். ஏன் என்றால், இங்கிலாந்தில் 1837 முதல் திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவரின் தந்தை பெயரையும் தொழிலையும் எழுதவேண்டும். அயர்லாந்துக் கத்தோலிக்கப் பதிவேடுகளில் அந்தக் காலத்தில் இவ்வளவு விவரம் அரிது. நியூயார்க் துறைமுகத்தில் நேராக இறங்கியிருந்தால் மைக்கேல் ஆயிரம் மைக்கேல்களில் ஒருவர். லண்டன் திருமணப் பதிவால் அவர் தாமஸ் என்பவரின் மகன் ஆனார். அதே பதிவில்தான் குடும்பப் பெயரும் இன்று உலகம் அறிந்த எழுத்து முறையில், அந்தக் கூடுதல் 'ஏ'யுடன், வருகிறது. ஆகவே 'ரேகன்' பிறந்த இடம் அமெரிக்காவும் அல்ல, அயர்லாந்தும் அல்ல. லண்டன்!

அடுத்த படி அயர்லாந்து. அங்கே கத்தோலிக்கர்களின் பிறப்பு, இறப்பை அரசு பதியத் தொடங்கியது 1864இல்தான். அதற்கு முன் பிறந்தவருக்குப் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றே கதி. டிப்பரரி கவுன்டியின் தென்கோடியில் பாலிபொரீன் என்ற சின்ன ஊர். அந்த ஊர்ப் பதிவேட்டில் 1829 செப்டம்பர் 3 தேதியிட்ட ஒரு வரி: குழந்தை மைக்கேல், தந்தை தாமஸ் ரீகன், தாய் மார்கரெட் மர்ஃபி, இருப்பிடம் டூலிஸ். இங்கே 'ஓ'வும் இல்லை, கூடுதல் 'ஏ'யும் இல்லை. புத்தகங்களில் இவரை ஓ'ரீகன் என்று எழுதுகிறார்கள். ஆக ஒரே மனிதருக்கு ஓ'ரீகன், ரீகன், ரேகன் என்று மூன்று வடிவம்.

சரி, இந்த மைக்கேல்தான் அந்த மைக்கேல் என்று எப்படிச் சொல்வது? ரீகன் என்ற பெயர் மன்ஸ்டர் மாகாணத்தில் பரவலானது. மைக்கேல் என்பதோ தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். இங்கேதான் குடும்பப் பெயரை விட்டு மற்றவற்றைப் பார்க்க வேண்டும். தந்தை பெயர் தாமஸ் என்பது லண்டன் பதிவோடு பொருந்துகிறது. வயது பொருந்துகிறது. மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் மல்காகி. டிப்பரரி, வாட்டர்ஃபோர்டு பகுதிகளுக்கு உரிய பெயர் அது. பிறகு பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள்: தாமஸ், மார்கரெட். டூலிஸில் இருந்த தாத்தா தாமஸ், பாட்டி மார்கரெட்! தாத்தா, பாட்டி பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது ஐரிஷ் குடும்பங்களின் வழக்கம். குடும்பப் பெயரின் எழுத்து மாறினாலும் இந்தப் பெயர்கள் கடலைத் தாண்டி வந்துவிட்டன. எனக்கு இந்தத் தேடலிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அயர்லாந்தின் மக்கள்தொகை 1841இல் சுமார் 82 லட்சம். 1851இல் சுமார் 65 லட்சம். பஞ்சத்திலும் நோயிலும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டே போனார்கள். பஞ்சம் தொடங்கியபோது மைக்கேலுக்குப் பதினாறு வயது.

1984 ஜூன் 3ஆம் தேதி ரேகன் பாலிபொரீனுக்கு வந்தார். ஆலயத்தில் அந்தப் பதிவேட்டைக் காட்டினார்கள். அவருடைய மத்திய அமெரிக்கக் கொள்கையை எதிர்த்து அயர்லாந்தில் போராட்டங்களும் நடந்தன என்பதையும் சொல்லவேண்டும். எல்லாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. அந்த ஊர் மதுக்கடை ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். பின்னாளில் கடை மூடியபோது, அதன் உள்கூடத்தை அப்படியே பெயர்த்து கலிஃபோர்னியாவில் உள்ள அவருடைய நினைவு நூலகத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கொள்ளுத் தாத்தா வெறுங்கையோடு போன பாதையில் ஒரு மதுக்கடையே போய்ச் சேர்ந்தது!

அதிபருக்கு ஆய்வாளர்கள் கிடைத்தார்கள், சாதாரணக் குடும்பத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வழி கொஞ்சம் கரடுமுரடானது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர எல்லாம் சாம்பல். 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசே முன்பு அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. முழுமையாக மிஞ்சிய மிகப் பழைய கணக்கெடுப்பு 1901தான். வரலாறு கற்பித்தவனுக்கு இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. போரில் எரிந்தது ஒரு பக்கம் இருக்கட்டும்; நிதானமாக உட்கார்ந்து அழித்ததை என்ன சொல்ல?

தப்பியது எது தெரியுமா? கத்தோலிக்கப் பதிவேடுகள். அவற்றை டப்ளினுக்கு அனுப்பாமல் அந்தந்தப் பங்கிலேயே பாதிரியார்கள் வைத்திருந்தார்கள். பாலிபொரீன் வரி நமக்குக் கிடைத்ததும் அதனால்தான். அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றைப் படமெடுத்து வைத்திருந்தது. 2015 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டார்கள். கையெழுத்தைப் படிக்கத்தான் பொறுமை வேண்டும். பல பதிவேடுகள் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ், வில்லியம் அங்கே குலியெல்முஸ்.

இன்னொரு துணை, கிரிஃபித் மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை வரி விதிப்பதற்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்டு, யார் குத்தகைக்கு இருக்கிறார், யார் நிலக்கிழார் என்று எழுதிய பட்டியல். அதற்கு முன் 1823 முதல் 1838 வரை எழுதப்பட்ட தசமபாகக் கணக்குகள். இரண்டும் 'டவுன்லேண்ட்' வாரியாக இருக்கும். டவுன்லேண்ட் என்பது பெயர்தான் பெரிது. சில வீடுகளும் சில வயல்களும் உள்ள சின்னஞ்சிறு நிலப்பிரிவு. அயர்லாந்தில் 60,000க்கும் மேல் உண்டு. டூலிஸ் அப்படி ஒன்று. பெயர் எப்படி உருமாறினாலும் டவுன்லேண்ட் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதனால் கல்லறைக் கல், மரண அறிவிப்பு, பழைய கடிதம், ஜெபப் புத்தகத்தின் உள்ளட்டை என்று ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கக்கூடிய இடங்களைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள்.

பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. எல்லிஸ் தீவு திறந்த அந்த 1892 ஜனவரி முதல் நாளில் முதலாவதாகப் பதியப்பட்டவள் ஆனி மூர் என்ற ஐரிஷ் சிறுமி. கார்க் நகரத்துப் பெண். அந்தோணி, பிலிப் என்ற தம்பிகள் இருவரை அழைத்துக்கொண்டு 'நெவாடா' கப்பலில் வந்தாள். பத்து டாலர் தங்க நாணயம் பரிசாகக் கிடைத்தது. பிறகு அவள் என்ன ஆனாள்? டெக்ஸஸ் மாநிலத்துக்குப் போய், 1923இல் டிராம் வண்டி மோதி இறந்தாள் என்று பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். அந்தக் குடும்பத்தார் விழா மேடைகளில் கௌரவிக்கப்பட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டில் வழிவழியாகச் சொன்னதை நம்பினார்கள்.

மெகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைப் பார்த்தபோது, டெக்ஸஸ் ஆனி மூர் கப்பலேறி வந்தவரே அல்லர், இல்லினாயில் பிறந்தவர் என்று தெரிந்தது. உண்மையான ஆனியைக் கண்டுபிடிப்பவருக்கு ஆயிரம் டாலர் பரிசு என்று 2006இல் அறிவித்தார். சில வாரங்களில் விடை கிடைத்துவிட்டது. ஆனி எங்குமே போகவில்லை! நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில், நெருக்கடியான குடியிருப்புகளிலேயே வாழ்ந்து முடித்திருந்தாள். ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த, மீன் சந்தையில் வேலை செய்த ஒருவரை மணந்து ஷேயர் என்ற குடும்பப் பெயருக்கு மாறியிருந்தாள். மூர் என்று தேடியவர்கள் கண்ணில் அவள் எப்படிப் படுவாள்? தம்பி பிலிப்பின் வழியைப் பிடித்துப் போனபோதுதான் அக்காள் கிடைத்தாள். பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்று, பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவள். 1924இல், ஐம்பது வயதில் இறந்தாள்.

1993இலேயே அவளுக்கு இரண்டு சிலைகள் வைத்துவிட்டார்கள்: ஒன்று அவள் கப்பலேறிய அயர்லாந்துத் துறைமுகத்தில், மற்றொன்று இறங்கிய எல்லிஸ் தீவில். ஆனால் குவீன்ஸ் பகுதியின் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் அவளும் அவள் பிள்ளைகள் சிலரும் கிடந்த குழியின் மேல் ஒரு கல்கூட இல்லை. 2008 அக்டோபரில்தான், அயர்லாந்திலிருந்து வந்த சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய ஒரு கெல்டிக் சிலுவையை அங்கே நட்டார்கள்.